மெஸ் கழிவில் விடுதிக்குக் கரண்டும் வெந்நீரும்: 150 கிலோவில் நடக்குமா?

கோவை_விடுதி

வணக்கம். கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. 600 மாணவர்கள், மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. மிச்சம் மீதியை இதுவரை பக்கத்து ஊரில் பன்றி வளர்க்கும் ஒருவர் தினமும் காலையில் டிரம் டிரம்மாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். போன மாதம் அவர் பண்ணையை மூடிவிட்டார். இப்போது இரண்டு நாள் கழிவு அப்படியே பின்கட்டில் தேங்கினால் ஈயும் நாற்றமும் தாங்க முடியவில்லை, சமையல்கட்டில் வேலை செய்கிறவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சரி, பயோகேஸ் போடலாம் என்று முடிவு செய்து, முதலில் இரண்டு வாரம் தராசு வைத்து நானே எடை போட்டேன். குறைந்த நாள் 118 கிலோ, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போட்ட அன்று 190, சராசரி 150 கிலோ வருகிறது. பெரும்பாலும் தட்டில் மிஞ்சும் சோறு, சாம்பார், பாத்திரத்தில் மிஞ்சும் உப்புமா, அப்புறம் காய்கறித் தோல்.

ஒரு நிறுவனத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். 6 கன மீட்டர் தொட்டி போதும், ஒரு நாளைக்கு 200 யூனிட் கரண்ட் எடுக்கலாம், அதே ஜெனரேட்டர் சூட்டில் குளிக்க வெந்நீரும் கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் விடுதி மொத்தமாக ஒரு நாளைக்கு 800 யூனிட் வரை இழுக்கிறது, அதில் கால் பங்கு கழிவிலிருந்தே வந்துவிடும் என்றதும் நிர்வாகத்துக்கு ரொம்பவே சந்தோஷம். எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது. நான் எலக்ட்ரிகல் படித்தவன், பயோகேஸ் பற்றி ஒன்றும் தெரியாது.

சமையலுக்கு மாதம் சுமார் 80 சிலிண்டர் போகிறது (19 கிலோ வணிக சிலிண்டர்). வெந்நீர் விறகு பாய்லரில் வைக்கிறோம். ஏற்கெனவே இதை ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், 200 யூனிட் என்பது நடக்கிற காரியமா? ஏப்ரல், மே விடுமுறையில் தொட்டியை என்ன செய்வது?

பழைய_தொட்டி

தம்பி, கையெழுத்து எதுவும் போட்டுவிடாதீர்கள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஆறு வருடம் இந்தத் தொட்டியோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், உங்களுக்கு இடித்தது சரியாகத்தான் இடித்திருக்கிறது.

கணக்கை நீங்களே போடலாம். ஒரு கிலோ சாப்பாட்டுக் கழிவிலிருந்து நல்லபடியாக ஓடும் தொட்டியில் ஏறக்குறைய 100 லிட்டர் வாயு வரும். 150 கிலோவுக்கு 15 கன மீட்டர். அந்த வாயுவில் 60 சதவீதம்தான் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. இந்தக் கலவையில் ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் மொத்த வெப்பமே 6 யூனிட்டுக்குச் சமம். 15-ஐ 6-ஆல் பெருக்குங்கள், 90 யூனிட். இஞ்சினே இல்லாமல், ஒரு சொட்டு நஷ்டமும் இல்லாமல் எடுத்தால்கூட 90-தான் இருக்கிறது, அவர்கள் அதிலிருந்து 200 எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இந்த ஒரு வரியை அவர்கள் முன்னால் எழுதிக் காட்டுங்கள், பதில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

உண்மையில் சின்ன கேஸ் ஜெனரேட்டர் நான்கில் ஒரு பங்கைத்தான் கரண்ட்டாக மாற்றும். 22 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 800-இல் மூன்று சதவீதம்கூட இல்லை. அதற்காக ஒரு இஞ்சின், அதற்கு ஆயில், பிளக், ஓவர்ஹால், ஒரு மெக்கானிக், பெருஞ்செலவு.

அதே வாயுவை நேராக அடுப்பில் எரித்தால் கதையே வேறு. ஒரு கன மீட்டர் பயோகேஸ் சுமார் 450 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம். 15 கன மீட்டருக்கு ஆறே முக்கால் கிலோ, மாதத்துக்கு 200 கிலோ, அதாவது 10 சிலிண்டர். இன்றைய சிலிண்டர் விலையால் பெருக்கிப் பாருங்கள், பக்கத்தில் 22 யூனிட்டின் விலையை மாதக் கணக்கில் எழுதிப் பாருங்கள், அடுப்பு எங்கேயோ போய் நிற்கும்.

தொட்டியின் அளவு அடுத்த சிக்கல். கிளறும் வசதி, சூடாக்கும் வசதி எதுவும் இல்லாத சாதாரணத் தொட்டியில் ஒரு கன மீட்டருக்கு நாளுக்கு 7, 8 கிலோ சாப்பாட்டுக் கழிவுக்கு மேல் போடக் கூடாது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 20 கன மீட்டர் வேண்டும். 6 கன மீட்டரில் தினமும் 150 கிலோ கொட்டினால் அது இரண்டு மாதத்துக்குள் புளித்துப்போகும்.

புளிப்பு என்று சும்மா சொல்லவில்லை. தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் இரண்டு கூட்டமாக வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் சோற்றையும் கிழங்கையும் உடைத்து அமிலமாக்கும், அது படுவேகம். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும், அது ரொம்ப நிதானம், பெருகவே நாள்கணக்காகும். முதல் கூட்டத்துக்கு அளவுக்கு மீறித் தீனி போட்டால் அமிலம் குவிந்து, இரண்டாவது கூட்டம் அதிலேயே செத்துப்போகும். சித்திரை வெயிலில் இட்லி மாவை வெளியில் வைத்து மறந்த மாதிரிதான்.

எங்களுக்கு ஒரு பொங்கல் சமயம் இது நடந்தது. கேன்டீனில் விருந்து, சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் நிறைய மிஞ்சிவிட்டது. வழக்கமாக 100 கிலோ போடும் தொட்டியில் அன்று சாயந்திரம் 300 கிலோவுக்கு மேல் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் வாயு தங்கும் டிரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, எல்லோரும் நிறைய கேஸ் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அடுப்பைத் திறந்து தீக்குச்சி வைத்தால் ஃபுஸ் என்று காற்று வருகிறது, குச்சிதான் அணைகிறது. டிரம் முழுக்கக் கரியமில வாயு. செரித்து வெளியே வரும் கரைசல், அதாவது ஸ்லரி, வழக்கமாகச் சாம்பல் கலந்த கருப்பாக, மண்வாசனையோடு இருக்கும். அன்று மஞ்சளாக, ஊசிப்போன மோர் நாற்றம். பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன், ஐந்தரை. 7-ஐ ஒட்டி இருக்க வேண்டியது அது, குறைந்தால் புளிப்பு என்று அர்த்தம். பன்னிரண்டு நாள் தீனியை முழுசாக நிறுத்தி, சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாட்டுப்பண்ணையிலிருந்து சாணம் வாங்கிவந்து கரைத்து ஊற்றி, அப்புறம் பத்து கிலோவில் ஆரம்பித்து மறுபடி பழக்கினோம். பழைய நிலைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அதனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை 190 கிலோவை அப்படியே அன்றைக்கே கொட்டாதீர்கள். மூடியுள்ள டிரம்மில் வைத்திருந்து திங்கள், செவ்வாய்க்குப் பிரித்துப் போடுங்கள்.

கோவை_விடுதி

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. அந்த 90 யூனிட் கணக்கை இன்று காலையில் எங்கள் முதல்வரிடம் காட்டினேன், அவர் இயற்பியல் பேராசிரியர், இரண்டு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘சரி, இதை நிறுத்து’ என்றார்.

ஆனாலும் நிர்வாகத்தில் மற்றவர்களுக்குக் ‘கழிவிலிருந்து மின்சாரம்’ என்பதில்தான் ஆசை இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு கட்டடம் முழுக்கச் சாப்பாட்டுக் கழிவில் கரண்ட், ஹீட்டிங் இரண்டும் ஓடுவதாக வீடியோ அனுப்புகிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்று கேட்டால் என்ன சொல்வது? இன்னொன்று, சமையலுக்குப் பதில் இந்த வாயுவை வெந்நீருக்கு விட்டால் விறகை நிறுத்த முடியுமா?

வடக்கு_இங்கிலாந்து

இங்கிலாந்தில் இதே தொழிலில் இருக்கிறேன், சாப்பாட்டுக் கழிவு எடுக்கும் பெரிய டைஜெஸ்டர்கள், அதாவது உங்கள் பயோகேஸ் தொட்டியின் பெரிய வடிவம். அந்த வீடியோவில் காட்டுவது பொய்யாக இருக்காது, அளவைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் இடம் கேனக் என்ற ஊரில் இருக்கும் செயின்ஸ்பரீஸ் கடை. 2014-இல் பொது மின்கம்பியைச் சாராமல் அன்றாட மின்சாரம் முழுவதையும் கழிவிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் பிஃபா நிறுவனத்தின் டைஜெஸ்டர், அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குத் தனி கேபிள். ஆனால் அந்த டைஜெஸ்டர் தின்றது அந்த ஒரு கடையின் கழிவையா? இல்லை, நாடு முழுக்க உள்ள அவர்களின் கடைகளில் விற்காமல், தானமாகக் கொடுக்கவும் முடியாமல் போன சாப்பாடு லாரி லாரியாக அங்கே வந்தது. அந்த ஒரு கட்டடத்துக்கு வெளிச்சம் போட்ட டைஜெஸ்டர் எத்தனையோ கட்டடங்களின் கழிவைத் தின்றது. உங்கள் நிர்வாகத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

இஞ்சினும் அளவைப் பொறுத்ததுதான். பெரிய கேஸ் இஞ்சின் வாயுவில் உள்ள ஆற்றலில் 40 சதவீதம் வரை கரண்ட்டாக எடுத்துவிடும், இன்னொரு 40 சதவீதத்தை அதன் குளிர்நீரிலிருந்தும் புகையிலிருந்தும் சூடாகப் பிடிக்கலாம். கேட்க அருமையாக இருக்கும். அந்தச் சூடு எங்கே போகிறது தெரியுமா? முதல் பங்கு தொட்டிக்கே. இங்கே குளிரில் தொட்டியை 37, 38 டிகிரியில் வைக்காவிட்டால் நுண்ணுயிர்கள் படுத்துவிடும். அடுத்த பங்கு, சாப்பாட்டுக் கழிவை 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் கிருமி நீக்க வேண்டும் என்ற விதிக்குப் போகிறது. அப்புறம் மிஞ்சும் சூட்டைக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம் என்றால் டைஜெஸ்டர் பக்கத்தில் கட்டடமே இருக்காது, நாற்றத்துக்குப் பயந்து ஊருக்கு வெளியேதான் அனுமதி தருவார்கள். எத்தனையோ இடங்களில் அந்தச் சூடு ஃபேன் வைத்து வானத்தில் ஊதப்படுவதைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

உங்களுக்கு அந்தத் தொல்லைகள் ஒன்றுமே இல்லை. கோவை வெயில் தொட்டியைத் தானாகவே சூடாக வைக்கும், கழிவு வரும் சமையல்கட்டும் வாயு போக வேண்டிய சமையல்கட்டும் ஒன்றே, நடுவில் முப்பது நாற்பது மீட்டர் குழாய். எங்களுக்குக் கிடைக்காத வசதி இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கில் மூன்று பங்கை இஞ்சின் புகையில் விடுவது தவறு என்பேன்.

இந்தியாவில் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் இந்தூர். 2022 பிப்ரவரியில் திறந்தார்கள், நாளுக்கு 550 டன் ஈரக்கழிவு எடுக்கும் ஆலை, 17,000 கிலோ அளவுக்கு வாகன எரிவாயு எடுக்கலாம் என்ற திட்டம், நகரப் பேருந்துகளுக்கு அதை விடுகிறார்கள். அவ்வளவு பெரிய ஆலையிலும் கரண்ட் விற்பதை நம்பாமல் வாயுவைச் சுத்தம் செய்து எரிபொருளாகவே விற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் கோயம்பேடு சந்தையில் 30 டன் கழிவுக்குக் கரண்ட் எடுக்கும் ஆலை அமைத்தார்கள், அது உங்கள் 150 கிலோவைப்போல 200 மடங்கு.

ஒரு கட்டடம் தன் கழிவிலேயே விளக்கெரிப்பது புதிதும் அல்ல. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இலேயே கழிவுத் தொட்டியின் வாயுவை விளக்குக்கு விட்டிருக்கிறார்கள்.

வெந்நீர் கேட்டீர்கள். 90 யூனிட்டில் கேஸ் ஹீட்டர் 80 சதவீதம் பிடித்தால் 72 யூனிட். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 45-க்குக் கொண்டுவர 1,000 லிட்டருக்கு 23 யூனிட் வேண்டும். ஆக 3,100 லிட்டர். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 200 பேர் குளிக்கலாம், 600 பேர் முடியாது. வெந்நீருக்கு மாடியில் சூரிய ஹீட்டர் வையுங்கள், வாயுவைச் சமையலுக்கே விடுங்கள்.

மெஸ்_கணக்கு

ஆண்கள் எல்லோரும் இஞ்சின், யூனிட் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியின் மெஸ்ஸைப் பதினோரு வருடமாக நடத்துகிறேன், எங்களிடமும் தொட்டி இருக்கிறது, நான்கு வருடமாக நிற்காமல் ஓடுகிறது. அது ஓடுவதற்குக் காரணம் இஞ்சினியர் இல்லை, எங்கள் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் இரண்டு பெண்கள்.

கழிவு எங்கே பிரிகிறது என்று பாருங்கள். மாணவர்கள் தட்டைக் கொட்டும் இடத்தில். அங்கே ஒரே ஒரு டிரம் வைத்தால் டிஷ்யூ பேப்பர், ஊறுகாய்ப் பாக்கெட், தயிர் டப்பா, ஸ்பூன் எல்லாம் ஒன்றாக விழும். நாங்கள் மூன்று வைத்தோம், சோறு குழம்புக்கு ஒன்று, எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் ஒன்று, பேப்பர் பிளாஸ்டிக்குக்கு ஒன்று. முதல் மாதம் டிரம் பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவைத்தே பழக்கினோம். எலும்பும் முட்டை ஓடும் உள்ளே கரையாது, அடியில் மணல் மாதிரி சேர்ந்து தொட்டியின் இடத்தைத் தின்றுவிடும். வாழை இலையை முழுசாகப் போட்டால் நார் மேலே மிதந்து பாய் மாதிரி கட்டிக்கொள்ளும், அதை உரக்குழிக்கு அனுப்புங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலும் கூடையாகப் போடக் கூடாது, அதில் உள்ள எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. பொரித்த எண்ணெயை ஊற்றவே ஊற்றாதீர்கள்.

எங்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது எது தெரியுமா, பால் பாக்கெட்டின் மூலை. காலையில் நூறு பாக்கெட் பாலை அவசரமாகக் கத்தரித்து ஊற்றுவார்கள், அந்த முக்கோணத் துணுக்கு காய்கறித் தோலோடு போய்விடும். அரைக்கும் மெஷினுக்குள் போய் பிளேடில் சுற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் உள்ளே போகிற குழாயின் வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடைத்துவிடும். ஒரு தடவை குழாயைக் கழற்றிக் குச்சியால் இழுத்தபோது ஒரு கைப்பிடி வந்தது. அன்றிலிருந்து பாக்கெட்டை முழுசாக வெட்டித் துண்டாக்காமல், மூலை தொங்கிக்கொண்டே இருக்கும்படி பாதி வெட்டச் சொன்னோம். அந்த அடைப்பு அதோடு போனது.

எங்கள் பெண்களுக்கு இந்த வேலைக்கென்று மாதம் தனியாகப் பணம் கொடுக்கிறோம். இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள் தம்பி. தினமும் எடை போட்டு, அரைத்து, கரைத்து, ஊற்றி, ஸ்லரி வெளியே வருவதைப் பார்த்து நோட்டில் எழுத ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இருக்கிற வேலையோடு இதையும் பார் என்று சொன்னால் ஒரு மாதம் பார்ப்பார்கள், அப்புறம் தொட்டி பின்கட்டில் துருப்பிடித்து நிற்கும். நான் போய்ப் பார்த்த விடுதிகளில் இப்படி நிற்கும் தொட்டிகள்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கோபம் வரலாம். 600 பேருக்கு 150 கிலோ என்றால் ஆளுக்குக் கால் கிலோ வீணாகிறது. அது வாயு ஆவதைவிடப் பிள்ளைகள் வயிற்றுக்குள் போவதுதானே நல்லது? நாங்கள் கைகழுவும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்து நேற்று எத்தனை கிலோ வீணானது என்று எழுதினோம். சோற்றுக் கரண்டியைச் சின்னதாக மாற்றினோம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்றோம். யாருக்கும் பிடிக்காத புதன்கிழமை ரவா கிச்சடியை மெனுவிலிருந்து எடுத்தோம். மூன்று மாதத்தில் 90 கிலோவாக இருந்தது 55-க்கு வந்தது. வாயு குறைந்தது, ஆனால் அரிசி மூட்டையும் குறைந்தது, அந்தப் பணம் வாயுவில் வந்த பணத்தைவிட அதிகம். தொட்டி வாங்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், அப்புறம் மிஞ்சுவதற்கு ஏற்ற அளவில் தொட்டி வாங்கலாம். பெரிய தொட்டியை வாங்கிவிட்டு அதற்குத் தீனி வேண்டும் என்று சாப்பாட்டை வீணாக்குகிற நிலைமை வரக் கூடாது.

கோவை_விடுதி

அக்கா, கோபமெல்லாம் இல்லை. நேற்று இரவு தட்டுக் கொட்டும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பாதிப் பேர் சோற்றைக் குவியலாக வாங்கிக்கொண்டு, குழம்பு பிடிக்காமல் அப்படியே கொட்டுகிறார்கள். எங்கள் கரண்டி உண்மையிலேயே பெரிது. திங்கள்கிழமை கரும்பலகையும் புதுக் கரண்டியும் வந்துவிடும்.

அதற்குள் விதிமுறையையும் பார்த்துவிட்டேன். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு வந்தாலே நாங்கள் மொத்தக் கழிவு உருவாக்குவோர் (ஒரே இடத்தில் அதிகக் கழிவு வருபவர்கள்) பட்டியலில் வருகிறோம். ஆகத் தொட்டியோ உரக்குழியோ ஏதோ ஒன்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. குறைந்தபிறகு 100 கிலோ வரும் என்று வைத்து 14, 15 கன மீட்டரில் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

பழைய_தொட்டி அண்ணா, அடுப்பு பற்றியும் விடுமுறை பற்றியும் இன்னும் நீங்கள் சொல்லவில்லை. முட்டை நாற்றம் வரும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்தீர்கள்?

பழைய_தொட்டி

15 கன மீட்டர் சரியான முடிவு தம்பி. கூடவே ஏழெட்டு கன மீட்டர் வாயு தங்கும் பலூனோ டிரம்மோ வேண்டும், ஏனென்றால் வாயு ராத்திரியும் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் எரிப்பது காலையிலும் சாயந்திரமும்தான்.

எல்.பி.ஜி. அடுப்பில் இதை அப்படியே விட்டால் எரியாது. எல்.பி.ஜி. ஒரு பங்குக்குக் காற்று 25 முதல் 30 பங்கு வரை வேண்டும், இதற்கு ஆறு பங்கு போதும், தள்ளும் அழுத்தமும் குறைவு. அதனால் ஜெட் துளை பெரிதாக உள்ள, இதற்கென்றே செய்த பர்னர் வாங்குங்கள். ஒரு பெரிய அடுப்பை இதற்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள், சாம்பார் கொதிக்கவோ பால் காய்ச்சவோ. இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் கலக்கும் வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. குழாயில் ஒரு சிலிண்டர் டப்பா வைத்து அதில் துருப்பிடித்த இரும்புச் சீவலை நிரப்பி அதன் வழியாக வாயுவை விடுங்கள், துரு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கோவையில் உங்களுக்கு லேத் பட்டறைக்கா பஞ்சம், மூட்டைக்கணக்கில் கிடைக்கும். சீவலை முதலில் சோப்புத் தண்ணீரில் அலசி ஆயிலை எடுத்துவிட்டு, ஒரு வாரம் வெயிலில் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விடுங்கள். கறுத்துப்போனால் மாற்ற வேண்டும். கறுத்த சீவலை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் நன்றாகச் சூடாகும், தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் கொட்டாமல் தண்ணீர் தெளித்துப் பரப்பிவிடுங்கள். குழாயில் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கும், அங்கே வடிக்கும் வால்வு வையுங்கள், இல்லாவிட்டால் அடுப்பு விக்கி விக்கி எரியும்.

பாதுகாப்பை நிறுவனத்தார் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். வாரம் ஒரு முறை இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அடைப்பு எடுக்கவோ சுத்தம் செய்யவோ எவரையும், எவ்வளவு அவசரமானாலும், தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, இந்த சல்பைடு அதிகமானால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்து நம் ஊரில் எத்தனை குடும்பம் இப்படிப் போயிருக்கிறது. மூடியில் பூட்டுப் போடுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

ஆரம்பிக்கும்போது இரண்டு மூன்று டன் மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு மூன்று வாரம் காத்திருங்கள். தீ நீலமாக நின்று எரிந்தபிறகு நாளுக்கு 15 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 15 கிலோவாக ஏற்றுங்கள். அவசரப்படாதீர்கள். மாணவர்கள் திரும்பி வந்த முதல் நாளே முழுத் தீனியும் போடக் கூடாது, விடுமுறை முடிந்ததும் இதே மாதிரி படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு கூடை சாணம் போட்டால் போதும், பட்டினியில் நுண்ணுயிர்கள் சாகாது, மந்தமாகி உட்கார்ந்திருக்கும்.

ஸ்லரி எங்கே போகும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கழிவுக்குச் சரிக்குச் சரி தண்ணீர் கலந்தால் போட்ட அளவுக்கே வெளியே வரும், 100 கிலோவுக்கு 200 லிட்டர், தினமும். பாதியைத் திரும்பவும் கரைக்கப் பயன்படுத்தலாம், தண்ணீர் மிச்சம். மீதியைச் சாக்கடையில் விட்டால் மறுபடி நாற்றம், மறுபடி புகார். பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் யாரையாவது பிடித்து இப்போதே பேசிவிடுங்கள். நல்ல உரம் அது, ஒரு தடவை போட்டுப் பார்த்தால் அவரே டிரம்மோடு வருவார்.

கோவை_விடுதி

தோப்புக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார் அண்ணா. எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருநூறு மரம், சுவரில் துளை போட்டுக் குழாய் விட்டால் தானாகவே அவர் வாய்க்காலுக்குப் போய்விடும். முதலில் ஒரு மாதம் பத்து மரத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேன் என்கிறார், நியாயம்தான்.

அந்த நிறுவனத்துக்கு ஜெனரேட்டர் வேண்டாம், 15 கன மீட்டர் தொட்டி, பலூன், பர்னர், சீவல் ஃபில்டர் இவ்வளவுக்கு மட்டும் விலை கொடுங்கள் என்று எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. வேறு இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறேன்.

மெஸ்_கணக்கு அக்காவுக்கு: எங்கள் மாஸ்டரிடம் பால் பாக்கெட் மூலையைச் சொன்னதும், பின்கட்டு டிரம்மைக் கவிழ்த்து ஒரு நாள் கழிவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். நாற்பத்திமூன்று.

மெஸ்_கணக்கு

உங்கள் மாஸ்டர் நல்ல ஆள், விட்டுவிடாதீர்கள். அவரிடமே நோட்டைக் கொடுங்கள்.